இருபது மில்லிமீட்டர் இறக்கம்

எங்கள் தெருவில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. குமரேசன் எதைப் பிரித்தாலும் திரும்ப மாட்டி ஓட வைத்துவிடுவான், ஆனால் கையில் இரண்டு திருகாணி மீதி இருக்கும் என்று. இதில் பாதி பொய். எங்கள் வீட்டு மிக்ஸி திரும்ப ஓடவே இல்லை.

ஆரணியில் பட்டுச்சேலை நெய்து விற்கிற குடும்பம் எங்களுடையது. பின்கட்டில் தறிகள், முன்னறையில் வியாபாரம். சர்க்கரை எல்லை தாண்டிவிட்டது, நடக்க ஆரம்பியுங்கள் என்று டாக்டர் சொன்னதும், நடப்பதற்கு ஷூ வாங்கப் போய் மலையேறும் சைக்கிளோடு வீடு திரும்பினவன் நான். ஊருக்குள் மேடு என்று சொன்னால் ஆற்றுப்பாலம் ஏறுகிற இடம்தான். மலைக்கு எங்கே போவது என்று யோசித்தபோது தாலுகா ஆபீசில் வேலை பார்க்கும் இளவரசனும், நெல் மண்டி ராஜ்குமாரும் சேர்ந்துகொண்டார்கள். ஞாயிறுதோறும் விடியற்காலையில் தேவிகாபுரம் பக்கம் கிளம்பிவிடுவோம். அங்கே தார் ரோட்டை விட்டுப் பிரிந்து ஒரு மண்பாதை மேடும் பள்ளமுமாகக் குன்றோரம் ஏறும்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஹேமலதாவிடம் அந்த மேட்டைப் பற்றிச் சொல்வேன். செங்குத்தான ஏற்றம், கருங்கல் சரளை, கால் ஊன்றாமல் ஏறினேன் என்பேன். ராஜ்குமார் பாதியில் இறங்கிவிட்டான், பாவம் என்பேன். அவள் தோசையைத் திருப்பிக்கொண்டே "அப்படியா" என்பாள்.

நடந்தது வேறு. மேட்டுக்கு முன்னால் ஒரு டிபன் கடை இருக்கிறது. அங்கே இட்லி, வடை, கேட்டால் பூரி. அதன் பிறகு மூன்று பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மேட்டில் ஏறுவோம், போட்டோ எடுப்போம், திரும்பி வருவோம். வெயில் ஏறிவிட்டால் அந்த வழியாக வரும் பால் வண்டியில் சைக்கிள்களை ஏற்றிவிடுவதும் உண்டு. வண்டிக்காரர் எங்களுக்காக நின்று ஹாரன் அடிக்கிற அளவுக்குப் பழக்கம்.

இந்த நிலையில் நான் இன்னொரு புதுச் சைக்கிள் வாங்கினேன். பழையது கூடத்தில் சும்மா நின்றது. ஒரு நாள் காலை ஹேமா அதன் மணியை ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு, "இது சும்மாதானே நிக்குது. வர்ற ஞாயித்துக்கிழமை நானும் உங்ககூட வரட்டுமா?" என்றாள்.

அவள் போளூர்க்காரி. பள்ளிக்கூடம் முழுக்கச் சைக்கிளில் போய் வந்தவள். எங்கள் மகள் காவ்யா சென்னைக் கல்லூரிக்குப் போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் இவள் மட்டும்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் வாயில் முதலில் வந்தது, "உன்னால முடியுமா?" என்பதுதான்.

"ஓட்டிப் பாத்தாத்தானே தெரியும்" என்று சைக்கிளைத் தெருவுக்கு இறக்கினாள். சுடிதாரை இழுத்துச் சொருகிக்கொண்டு பாலம் வரைக்கும் போய்விட்டு வந்தாள். நான் புதுச் சைக்கிளில் பின்னால் போனேன். பின்னால் என்றால், ரொம்பப் பின்னால்.

திரும்பி வந்து இறங்கியவள் சொன்னது இதுதான். "ஓட்ட நல்லாத்தான் இருக்குது. ஆனா முன்னாடி தூக்கிகினு நிக்குதுங்க. ஹேண்டில் என் நெஞ்சுக்கு வருது. பாலம் ஏறும்போது முன்சக்கரம் ஒரு பக்கமா நிக்காம அலையுது."

ஒரே ஓட்டத்தில் கண்டுபிடித்துவிட்டாள். தப்பு சைக்கிளில் இல்லை, என்னிடம். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு கால்களுக்கு ஃபோர்க் என்று பேர். பள்ளத்தில் விழுந்தால் அது அமுங்கி எழும். எவ்வளவு தூரம் அமுங்குமோ அதுதான் அதன் டிராவல். அந்தச் சைக்கிளுக்கு நூறு மில்லிமீட்டர் போதும் என்று செய்தவன் போட்டிருந்தான். எனக்கு அது போதவில்லை. பெரிய மலைகளில் இறங்குகிறவர்கள் நூற்றிருபது வைத்திருக்கிறார்கள் என்று வீடியோவில் பார்த்துவிட்டு, நூற்றிருபது வாங்கி மாட்டினேன். நான் இறங்கிய பெரிய பள்ளம் எங்கள் தெருவில் குழாய்க்குத் தோண்டிய பள்ளம்தான். அந்த இருபது மில்லிமீட்டர் முன்பக்கத்தைத் தூக்கிவிட்டது. என் உயரத்துக்கே அது அதிகம். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"இவ்ளோதானே. பிரிச்சி டிராவலைக் கொறச்சிடலாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள ரெடி" என்றேன்.

அன்று மாலையே அவள் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் ஒரு ஷூ வாங்கி வந்தாள். அட்டைப் பெட்டியோடு பீரோ மேல் வைத்தாள்.

பட்டு இருக்கிற வீட்டில் எண்ணெய்ச் சாமானை உள்ளே கொண்டுபோகக் கூடாது. ஒரு சொட்டு பட்டால் ஒரு சேலை போச்சு. அதனால் மொட்டை மாடியில் கடை விரித்தேன். முதலில் ஃபோர்க்கில் இருந்த காற்றை இறக்கினேன். அடியில் இருந்த இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, மரச் சுத்தியலால் தட்டினேன். கீழ்க்கால்கள் கழன்று வந்தன, கூடவே உள்ளே இருந்த ஆயில் என் வேட்டியில். இதுவரை வீடியோவில் காட்டியபடிதான். அதற்கு மேல், குழாயின் வாய்க்குள் ஒரு வளையம் இருக்கிறது. சர்க்ளிப் என்பார்கள். அதற்கென்று தனிக் குறடு உண்டு. அது எதற்கு என்று, நான் ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பினேன். வளையம் ஒரு சத்தம் போட்டுக் கிளம்பி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டு மாடியில் சாயம் போட்டுக் காயவைத்திருந்த பட்டு நூல்கற்றைகளுக்கு நடுவே போய் மறைந்தது.

பக்கத்து வீட்டு ஸ்வர்ணலதா நூலை ஒவ்வொரு கற்றையாக உதறித் தேடினாள். என்ன தேடுகிறோம் என்று கேட்டாள். மோதிரம் மாதிரி, ஆனால் வாய் திறந்திருக்கும் என்றேன். "அதுக்கா இவ்ளோ பேஜாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வளையம் கிடைக்கவில்லை. புதிதாக வரவழைக்க வேண்டும். அந்த ஞாயிறு ஹேமா இல்லாமல் போயிற்று. இது நிஜமான தாமதம். இதை மட்டும் என் கணக்கில் எழுதாதீர்கள்.

அடுத்த வாரம் வளையமும் வந்தது, குறடும் வந்தது. உள்ளே இருந்த தண்டை உருவினேன். அதில் வெள்ளை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கட்டை கவ்விக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு கட்டை, ஃபோர்க் வந்த பெட்டியில் தனியாக இருந்தது. இந்தக் கட்டைகளை வைத்துத்தான் டிராவலைக் கூட்டுவதும் குறைப்பதும்.

இளவரசன் போனில் இருந்தான். "இன்னொரு கட்டையப் போடணும்பா. வீடியோல போடறான்" என்றான்.

"கொறைக்கணும்னா யாராவது கட்டைய சேப்பாங்களா? எடுக்கணும்" என்றேன் நான்.

எனக்கு இதில் சந்தேகமே இல்லை. பிறந்ததிலிருந்து தறிக்குப் பக்கத்தில் இருப்பவன். தறிக்கு மேல் ஜக்கார்டு பெட்டி இருக்கும், சேலையில் பூவேலை விழுவது அதனால்தான். அது தாழ்வாக இருந்தால் அடியில் ஒரு கட்டை கொடுப்போம், உயரும். உயரமாக இருந்தால் கட்டையை உருவுவோம், இறங்கும். எங்கள் தெருவில் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும். தாலுகா ஆபீஸ்காரனுக்கு என்ன தெரியும் என்று நினைத்து, இருந்த கட்டையையும் எடுத்துவிட்டு, ஆயில் ஊற்றி, மாட்டி, காற்றடித்தேன்.

அடிக்க அடிக்க அது எழுந்தது. நூறுக்கு இறங்க வேண்டியது, நூற்றிருபதைத் தாண்டி நூற்று நாற்பதுக்குப் போய் நின்றது. சைக்கிள் பின்னங்காலில் உட்கார்ந்த நாய் மாதிரி என்னைப் பார்த்தது.

ஃபோர்க்கில் எல்லாம் தலைகீழ். கட்டை உள்ளே உட்கார்ந்து தண்டைத் தடுக்கும். கட்டை கூடக் கூட, தண்டு வெளியே வருகிற நீளம் குறையும். எடுத்துவிட்டால் முழுசாக வெளியே வந்துவிடும். சொன்னால் ஒரு நிமிஷத்தில் புரிகிற விஷயம்.

ஹேமா மாடிக்கு வந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். "எறக்கித் தரச் சொன்னா ஏத்தி வச்சிருக்கீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கீழே போனபோது ஷூ பெட்டி கட்டில்மேல் திறந்திருந்ததைப் பார்த்தேன். கயிறுகூடக் கோத்து வைத்திருந்தாள். திரும்ப மூடி பீரோ மேல் வைத்துவிட்டாள்.

இதுவரை நடந்தது என் முட்டாள்தனம். இனிமேல் நடந்தது வேறு.

அந்த ஞாயிறு டிபன் கடையில் ராஜ்குமார் கேட்டான். "வீட்டம்மா வராங்களாமே. அப்ப நம்ம மேட்டுக் கதையெல்லாம் இன்னா ஆவறது?" மூன்று பேரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். அப்புறம் வடையை இலையிலேயே வைத்துவிட்டேன்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. பாலத்தில் அவள் எனக்கு முன்னால் போன போக்கை நான் பார்த்தவன். அவள் வந்தால் நான் மேட்டில் இறங்குவதைப் பார்ப்பாள். தள்ளுவதைப் பார்ப்பாள். பால் வண்டிக்காரர் எங்களைப் பார்த்து ஹாரன் அடிப்பார். இத்தனை நாள் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்று நான் அளந்த அத்தனையும் ஒரே காலையில் போய்விடும். தெருவில் எவன் என்ன சொன்னாலும் எனக்கு உறைக்காது, பழகிவிட்டது. அவள் ஒருத்தியாவது என்னைக் கொஞ்சம் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது போய்விடக் கூடாது.

ஆகவே ஃபோர்க் வேலை நடக்கவில்லை. ஒரு மணி நேர வேலை. கட்டை என் கையில் இருக்கிறது, குறடு இருக்கிறது, எந்தப் பக்கம் போட வேண்டும் என்றும் தெரிந்துவிட்டது. செய்யவில்லை. அவள் கேட்டபோதெல்லாம் ஒரு பதில் வைத்திருந்தேன்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வரிசையே இருக்கிறது. சேலைக்கு முன்பணம் கொடுத்தவர்கள் போன் செய்தால், முதலில் மழை, சாயம் காயவில்லை என்போம். அடுத்த தடவை, பாவு நூலைத் தறியில் பிணைக்க ஆள் வரவில்லை என்போம். அதற்கும் அடுத்த தடவை, சேலை தறியில் இருக்கிறது, முந்தானை மட்டும்தான் பாக்கி என்போம். அந்தச் சேலைக்கு அப்போது நூலே வாங்கியிருக்க மாட்டோம். ஆரணியில் யாரும் இதைப் பொய் என்று சொல்வதில்லை, கேட்கிறவர்களும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார்கள். எப்போதாவது ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா மட்டும் வேலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, தறிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். அவர் சேலை மட்டும் நேரத்துக்குத் தறியிலிருந்து அறுபட்டு இறங்கும்.

எங்கள் வீட்டில் வாடிக்கையாளர் போனை எடுத்துப் பேசுவது யார் என்பதை நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பகல். நான் முன்னறையில் சேலை மடித்துக்கொண்டிருந்தேன். ஹேமா போனில் யாரிடமோ, "தறிலதாம்மா இருக்குது. முந்தானை மட்டும்தான் பாக்கி. ஜல்தியா முடிச்சித் தந்துடறோம்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். என் பக்கம் திரும்பி, "சைக்கிள் இன்னா ஆச்சி?" என்றாள்.

"எல்லாம் முடிஞ்சிடுச்சி. ஆயில் மட்டும்தான் வரணும்" என்றேன்.

சொல்லி முடித்தபிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. ஹேமா என்னைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். திரும்ப என்னைப் பார்த்தாள். எழுந்து, வாடிக்கையாளர் உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

நான் பின்னால் போனேன். சைக்கிளுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நல்ல வெயில்.

"இன்னா இது?"

"வேலூர்ல இருந்து வந்திருக்கேன். முடிங்க. கூடவே எடுத்துகினு போறேன்."

"ஆயில்..."

"கீழ அலமாரில ரெண்டு பாட்டில் இருக்குது. போன வாரமே பாத்தேன்."

மாடிப்படி இறங்கி ஏறியபோது என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை. உட்கார்ந்து வேலையைத் தொடங்கினேன். காற்றை இறக்கி, போல்ட்டைத் தளர்த்தி, தட்டினேன். வளையத்தைக் குறட்டால் எடுத்துப் பத்திரமாக அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் விரலை மூடிக்கொண்டாள். தண்டில் இரண்டு கட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவ்வவிட்டு, கிரீஸ் தடவி உள்ளே தள்ளி, அவளிடமிருந்து வளையத்தை வாங்கி மாட்டினேன். அவள் கீழ்க்கால்களைப் பிடித்துக்கொண்டாள், நான் ஆயில் ஊற்றி மேலேற்றினேன். காற்றடித்து அளந்தேன். நூறு. சைக்கிள் முகம் இறங்கி, பார்க்க ஒழுங்காக நின்றது.

அவள் ஹேண்டிலைப் பிடித்து இரண்டு முறை அமுக்கிப் பார்த்தாள். "இதுக்கா மூணு வாரம்?" என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு பொய் தயாராக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேராகக் கிளம்பினோம். தார் ரோடு முழுக்க அவள் நடுவில் வந்தாள், இளவரசனிடம் பேசிக்கொண்டே. டிபன் கடை வந்ததும் மூன்று சைக்கிளும் பழக்கதோஷத்தில் தாமாகவே திரும்பின. ஹேமா நிற்கவில்லை. "இன்னும் மேடே வரலியே, அதுக்குள்ள இட்லியா?" என்று சொல்லிக்கொண்டே தாண்டினாள். கடைக்காரர் இலையைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் நாங்களும் தாண்டினோம்.

மண்பாதை தொடங்கியது. மேடு எழுந்தது. முதலில் ராஜ்குமார் இறங்கினான், ஒரு சாக்குக்கூடச் சொல்லாமல். அடுத்து இளவரசன் செயின் சரியில்லை என்று இறங்கினான். அந்தச் செயினில் ஒரு கோளாறும் இல்லை. நான் இன்னும் பத்து மிதி மிதித்தேன். நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. இறங்கினேன்.

ஹேமா ஏறினாள். வேகம் இல்லை. கியரைச் சின்னப் பல்லில் போட்டு, சீட்டை விட்டு எழாமல், நிதானமாக மிதித்துக்கொண்டு போனாள். முன்சக்கரம் அலையவில்லை, கோடு போட்டது மாதிரி நேராகப் போயிற்று. நடுவில் ஒரு கல்லில் ஏறி அமுங்கி எழுந்தது. ஃபோர்க்கில் அந்த இறக்கம் நான் செய்தது என்று ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு அவள் உச்சிக்குப் போய், ஒரு காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தாள். கீழே மூன்று ஆண்கள் மூன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தோம்.

இத்தனை நாள் பயந்தது இதற்குத்தான். மற்ற இருவரும் வேண்டுமென்றே பின்தங்கிவிட்டார்கள், பாவிகள். நான் மட்டும் போய் அவள் பக்கத்தில் நின்றேன். சிரிப்பாள் என்று காத்திருந்தேன்.

"இந்த மேடுதானா?" என்றாள்.

"இதேதான்."

"கால் ஊனாம ஏறுவேன்னீங்க."

"ஒரு நாளும் ஏறினதில்ல ஹேமா. தள்ளிகினுதான் வருவேன். நீ பாத்துடுவியேன்னுதான் வேலைய முடிக்கல."

அவள் சிரிக்கவில்லை. ஹேண்டிலை விட்டுக் கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"காவ்யா காலேஜுக்குப் போனதுல இருந்து வரணும்னு இருந்தேங்க. ரெண்டு வருஷமா. நீங்க இந்த மேட்டப் பத்திச் சொல்லும்போதெல்லாம், நம்மால இது ஆவாது, நடுவுல எறங்கி நின்னா அவருக்குத்தான் அசிங்கம்னு வாய மூடிகினு இருந்தேன். பாலம் ஏறிப் பாத்தேனே அன்னிக்கு, அப்பகூட நம்பிக்கை வரல. தெனம் அந்த ஷூவ எடுத்துப் பாத்துட்டு வச்சிடுவேன்." ஷூவில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். "தள்ளிகினுதான் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லி இருக்கலாமே. மொத வாரமே வந்திருப்பேன்."

அவள் கண்ணில் நான் சின்னவனாகிவிடுவேன் என்று பயந்துகொண்டிருந்தேன். நான் அளந்த அளவில் அவள் தன்னையே சின்னவளாக எண்ணிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் தனியாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

"வாங்க, இன்னும் வழி இருக்குது இல்ல" என்று பெடலில் கால் வைத்தாள்.

பாதை கொஞ்ச தூரம் சமமாகப் போய், முன்னால் இன்னொரு மேடாக எழுந்தது. அவளுக்குப் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு போனேன். மேடு தொடங்குகிற இடத்தில், மிதித்துப் பார்க்கக்கூட இல்லாமல், அவள் பார்க்கும்படியே இறங்கினேன்.